நொடிக்கு இருபத்து நான்கு

சிரிப்புக்குச் சட்டம் இல்லை என்பார்கள்.
உண்டு.
நொடிக்கு இருபத்து நான்கு.

ஒஹையோவின் டேட்டனில்
ஜன்னல் இல்லாத அறையொன்றில்
கையுறை மாட்டிய விரலால்
அவற்றை ஒவ்வொன்றாய் நகர்த்துகிறேன்.
ஏழு நிமிடக் கேலிச்சித்திரம், 1948.
ஒரு நீர்நாய், ஒரு தபால்காரர், ஒரு பியானோ.
பியானோ விழும்.
அது எல்லாருக்கும் தெரியும்.

டப்பாவின் மூடியில் யாரோ பென்சிலால்:
க்ளெண்டேல், முன்னோட்டக் காட்சி.
ஒரு சிரிப்பு.
இருமலாகவும் இருக்கலாம்.

ஏன் என்று கேட்பது என் வேலையில்லை.
கிழிசலை ஒட்டி, சுருக்கத்தை அளந்து
குளிரறைக்கு அனுப்புவதற்குத்தான் சம்பளம்.
ஆனாலும்
சிரிப்பு வராத படத்தின் அருகே
பிணத்தருகே உட்கார்ந்த மாதிரி
கேட்கத் தோன்றிவிடுகிறது,
உயிர் எப்போது போச்சு?

அடுத்த மேசை டெஸ்மண்ட் ஃபேர்லி
இசைதான் கொலைகாரன் என்கிறார்.
காலை எடுத்து வைத்தால் ஒரு டிங்,
கண்ணைச் சிமிட்டினால் ஒரு டொங்.
விலாவில் இடித்து இடித்து
சிரி சிரி என்றால் யார் சிரிப்பார்?

இருக்கலாம்.
நான் பியானோவிடம் வந்து நின்றேன்.
நிழல் தரையில் விரிகிறது.
நீர்நாய் மேலே பார்க்கிறது.
எட்டுச் சட்டம் போதும் இதற்கு.
எண்ணினேன். பதினெட்டு.

பத்து கூடுதல். அரை நொடிகூட இல்லை.
அதற்குள் நாம் முந்திக்கொண்டோம்:
விழுந்ததைப் பார்த்து, வீட்டுக்குப் போய்,
சாப்பிட்டு, கைகழுவி,
திரும்பவும் வந்து உட்கார்ந்துவிட்டோம்.
பியானோ இன்னும் வந்துகொண்டிருக்கிறது.
விருந்தாளி சொல்லிக்கொண்டு வரலாம்.
சிரிப்பு வரக்கூடாது.

டப்பாவோடு வந்த உறையில்
நேரக் கணக்குத் தாள்.
சிவப்புப் பென்சிலில் இயக்குநர்: பத்தையும் வெட்டு.
அடியில் நீலத்தில், சாய்ந்த கையெழுத்தில்
வரைந்தவர், லாயிட் ஷெப்லர்:
வேண்டாம். அவனுக்கு நேரம் வேண்டும்.

எதற்கு நேரம்?
உருப்பெருக்கியைக் குனிந்து வைத்தேன்.

பதினோராம் சட்டத்தில் நீர்நாய்
பியானோவை விட்டுக் கண்ணை எடுக்கிறது.
தபால்காரர் சற்றுமுன் தந்த கடிதம்,
இன்னும் பிரிக்காதது, கையில்.
பதினான்கில் அதை மடிக்கிறது.
பதினாறில் கோட்டின் உள்பைக்குள் வைத்து
மேலே உள்ளங்கையால்
ஒருமுறை அழுத்திக்கொள்கிறது.

நசுங்கப் போகிறவனுக்கு
உள்பை எதற்கு, ஷெப்லர்?

ஓடும் படத்தில் இது கண்ணில் படாது.
கை எதையோ செய்தது போலிருக்கும், அவ்வளவுதான்.
ஆனால் அரங்கின் இருட்டுக்குத் தெரிந்துவிட்டது:
இது வெறும் நீர்நாய் இல்லை,
இதற்கு யாரோ எழுதியிருக்கிறார்கள்.
வழுக்கி விழுபவன்
எவனோ ஒருவனாய் இருக்கும்வரைதான் சிரிப்பு.

ஷெப்லருக்கு எந்தக் கடிதம் வந்தது,
எது வராமல் போனது, தெரியாது.
போர் முடிந்து மூன்று வருடம்.
நான் ஊகிக்கப் போவதில்லை.

தோற்றதெல்லாம் காவியம் என்று
எழுதிவிடலாம்தான். அப்படியில்லை.
இதே அலமாரியில் முந்நூறு டப்பா.
பாதி வெறும் சோம்பல்:
அதே பாறை, அதே பள்ளம், நாலாம் தடவை.
இன்னும் சிலவற்றில்
தடித்த உதடும் உருண்ட கண்ணும் வரைந்து
ஒரு மனிதனையே நகைச்சுவை என்று வைத்தார்கள்.
அவை ஓடும்போது டெஸ்மண்ட்
காப்பி எடுக்க எழுந்து போவார்.
கோப்பை மேசையில் நிரம்பித்தான் இருக்கும்.
மோட்டார் மட்டும் சுற்றும்.
நான் எதையும் சொல்வதில்லை.

மாலை ஐந்தரை.
படிவத்தை நிரப்பினேன்.
சுருக்கம்: ஒரு சதவீதத்துக்கும் குறைவு.
கிழிசல்: இரண்டு, ஒட்டப்பட்டன.
பிற குறைகள்:
பேனா கொஞ்சம் நின்றது.
பியானோ தாமதம். அனுமதிக்கவும்.

கையெழுத்துக்காக டெஸ்மண்டிடம் நீட்டினேன்.
படித்தார்.
ஒரு சிரிப்பு.
இருமலாகவும் இருக்கலாம்.