சிவப்பு நெளிகோடு

சாம்பல் நிறத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல்.
எனக்குப் பள்ளிக்கூடம் தந்தது ஈ போட்டது.
ருவந்த எங்கே படித்தானோ, அவன் ஏ போடுவான்.
நிறமாகச் சொன்னால்
பிரவுசருக்கு இரண்டும் ஒன்று,
ஒரே சாம்பலைத்தான் பூசும்.
பெயராக வைத்தால் மட்டும்
முன்பின் தெரியாத இரண்டு பேர்.

ஸ்டைல்ஷீட்டில் அவன் ஏ வைத்து எழுதினான்.
பக்கத்தில் நான் ஈ வைத்துக் கூப்பிட்டேன்.
யாரும் திரும்பவில்லை.
திரும்பவில்லை என்று எனக்குச் சொல்லவும்
யாருமில்லை.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
வரையறை கிடையாது என்று முணுமுணுத்துவிட்டு
பிரவுசர் தன் வேலையைப் பார்க்கப் போயிற்று.

ரத்தான டொக்டர் நேரங்களை
மங்கச் செய்யவேண்டிய பெயர் அது.
ஆகவே புதன் மாலை நாலரை
மற்ற நேரங்களோடு சேர்ந்து நீலமாக நின்றது.
சிலாபத்தில், காலையில்,
மகள் ஃபோனில் பார்த்து "இருக்கு, போங்க" என்றிருக்கிறாள்.
வஸ்தியாம்பிள்ளை, வயது அறுபத்தொன்று, இலக்கம் ஏழு,
புறக்கோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி
எக்ஸ்ரே உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
மழையோடு பொரளைக்கு வந்து
கவுண்டரில் நின்றிருக்கிறார்.
டொக்டர் இல்லையே, போட்டிருக்கே.
எங்கே போட்டிருக்கு?

அந்த அழைப்பை எடுத்தவள் அஸ்மியா.
பதினொரு நிமிடம்.
வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.
"அவர் ஏசவே இல்ல" என்றாள்.
"ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

அன்றிரவு, கொம்பனித்தெருவில்,
நாலாம் மாடியில், கீழே கொத்து போடும் சத்தத்தில்,
ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினோம்.
அது ஸ்டைல்ஷீட்டைத் திறக்கும்.
நிறம் வேண்டாம், அளவு வேண்டாம்,
ஓரமும் நிழலும் வேண்டாம்.
பெயர்களை மட்டும் பொறுக்கி
பக்கத்திலேயே ஒரு டைப் ஃபைல் எழுதிவைக்கும்.
நான் அதை இடாப்பு என்பேன்.
இன்னார் உண்டு, இன்னார் உண்டு,
எழுத்துக்கு எழுத்து.
ஸ்டைல்ஷீட் மாறினால் தானும் மாறும்.
கையால் தொடாதே என்று
தன் தலையிலேயே எழுதிக்கொள்ளும்.

முதல் ஓட்டத்தில் பத்தொன்பது இடங்கள்.
மழைக்கு வெளியே வந்த மண்புழுக்கள் மாதிரி
என் வரிகளுக்கு அடியில் சிவப்பு.
இப்படியொரு பெயர் இல்லை,
ஏ வைத்ததையா சொல்ல வந்தாய்?
ஒன்பது மாதம் வாய் திறக்காத இயந்திரம்
முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டது.
ஒன்பது மாதமாய்
இல்லாத ஆட்களை
எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறேன்.

பெரிதாகச் சந்தோஷப்படவும் முடியாது.
இடாப்புக்குப் பெயர் தெரியும், ஆளைத் தெரியாது.
நாளைக்கே ருவந்த
சாம்பல் என்ற பெயருக்குள் பச்சையை ஊற்றினால்
அது உண்டு என்றே சொல்லும்,
பில்ட் ஓடும்,
இன்னொருவர் பஸ் ஏறுவார்.

இதை நான் சொல்ல, ருவந்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
நிறத்தை எதற்குப் பெயராக வைத்தோம் என்று
சிங்களத்தில் தன்னையே கேட்டான்.
ரத்து என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டான்.
இரண்டு எல்.
பழைய பெயர் இடாப்பிலிருந்து விழுந்த கணமே
அதைக் கூப்பிட்ட அத்தனை பக்கமும் சிவந்தது.
ஒவ்வொன்றாகப் போனோம்.
பேரை வாவிப் பக்கம்
கூழைக்கடாக்கள் எப்போதோ அடங்கிவிட்டன.

அந்தச் சொல்லுக்கும் இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு.
ஏழாவது ஃபைலில் நான் ஒரு எல் போட்டேன்.
கோடு நெளிந்தது.
அஸ்மியா சிரித்தாள், அன்றைக்கு முதல் தடவை.
இன்னொரு எல் போட்டேன்.

பிறகு அவளுடைய ஃபோனை வாங்கி,
மூலையில் கீறல் விழுந்த அந்தச் சின்னத் திரையில்
புதன் மாலை நாலரையைத் தேடினேன்.
சாம்பல்.
வெளிச்சத்தைக் குறைத்து ஒரு தடவை,
கூட்டி ஒரு தடவை பார்த்தேன்.