ஆறு மாசம்

நூற்றியொராம் நம்பர் பஸ்ஸில்
ஒரு பொடியன் எழும்பி இடம் தந்தான்.
எத்தனை மாசம் என்று சிங்களத்தில் கேட்டான்,
மரியாதையாகத்தான்.
என் கடைசிகளுக்கு அப்போது ஒன்பது வயது.
ஆறு, என்றேன்.
இருந்துகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் காசு சேர்த்தது.
சீட்டுக் காசு, இரண்டு காப்பு,
கந்தோரில் ஹேர்னியா என்று எழுதிக்கொடுத்த லீவு.
பெரிய பொய் இல்லை என்றார் டொக்டர்:
இரட்டைப் பிள்ளைகள் நடுவில் நின்று தள்ளியதில்
வயிற்றுத் தசை இரண்டும்
கோபம் போட்ட சகலன்மார் மாதிரி
ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன,
இழுத்துத் தைக்கலாம்.
வீக்கம் முழுதாக வற்ற?
ஆறு மாசம், என்றார்.
நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

நாரஹேன்பிட்டி. வெளிச்சம் வர முன்னம்.
தையல்காரிக்கு அளவு கொடுக்கிற மாதிரி
கையை விரித்து நின்றேன், ஊதாப் பேனையால் கீறினார்.
தொப்புளை எறிய மாட்டார்களாம்.
அது தன் காம்பிலேயே இருக்கும்;
தோலைக் கீழே இழுத்த பிறகு
அதற்கு வேறோர் இடத்தில் வாசல் திறப்பார்கள்.
அம்மாவின் முடிச்சு பழசு,
கதவு மட்டும் புதுசு.

கண் விழித்தபோது
யாரோ என் வயிற்றில் அலுமாரி ஒன்றைச் சாய்த்திருந்தார்கள்.
இரு பக்கமும் குழாய், நுனியில்
மாதுளம் பிஞ்சளவு பிளாஸ்டிக் குமிழ்.
தில்ருக்ஷி மிஸ் தன் பாதித் தமிழில் காட்டித்தந்தாள்:
அமத்தி, காத்து விட்டு, மூடணும் அக்கா,
காலையில இரவில அளந்து எழுதணும்.
மகளின் கணக்குக் கொப்பியில், கடைசிப் பக்கத்தில்:
எழுபது. ஐம்பத்தைந்து. நாற்பது.
பிறகு எண்பது. அது
மேல் தட்டுச் சீனிப் போத்தலுக்குக் கை நீட்டிய நாள்.
ஜெயசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டே
ஒரு சொட்டுப் பிசகாமல் அளந்தார்.
பதின்மூன்றாம் நாள் கழற்றினார்கள்.
உள்ளே ஒரு மண்புழு நெளிந்து விலகியது.

தும்மலைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.
தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும்.
சிரிப்பும் அப்படித்தான்.
அதனால் ஃபரீனாவை வரவேண்டாம் என்றேன்.
வட்டிலப்பத்தோடு வந்தாள்,
வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினாள்,
ஐந்தாவது நிமிடம் என்னை அழவைத்தாள்.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடற்கரை ரயில் போகும்போதெல்லாம்
ஜன்னல் அதிரும், கட்டில் அதிரும், தையல் அதிரும்.
முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை.
கக்கூசுக்குக் குனிந்தபடியே போவேன்,
தோட்டின் சுரையை நிலத்தில் தொலைத்தவளைப் போல.
நிமிரப் பதினொரு நாள்.
பெல்ட்டுக்குள் வியர்வை. கரண்டும் இல்லை.
நாலாம் இரவு கேட்டேன்,
இதுக்கா அந்தக் காப்பை வித்தனான்?
ஜெயசீலன் பதில் சொல்லவில்லை, விசிறினார்.

இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, தொப்புளுக்குக் கீழே.
தேத்தண்ணிக் கோப்பையை வயிற்றில் வைத்து மறந்தேன்.
சிவந்த வட்டத்தை மகன்தான் கண்டான்.
விலாவடியில் இருந்த மச்சம்
இறங்கித் தொப்புளுக்குப் பக்கத்தில் குடிவந்திருக்கிறது.
பிள்ளைகள் கீறிய கோடுகளில் பாதி போயிற்று,
மிச்சம் கொசுவத்துக்குள்.
வெட்டியது எவ்வளவு என்று கேட்டேன்.
ஒரு கிலோ இருநூறு.
எங்கே போட்டீர்கள் என்று கேட்க
வாய் வரவில்லை.

எட்டாம் கிழமை, கந்தோருக்கு, அதே நூற்றியொன்று.
பழைய சீலை, ஒரு சுற்றுக் கூடியிருந்தது.
கம்பியைப் பிடிக்கக் கை உயர்த்தினால்
இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்புவரை
ஒரு கோடு சுண்டி இழுக்கிறது.
பொடியன்கள் போனில் குனிந்திருந்தார்கள்.
ஒருவனாவது நிமிர்ந்து பார்த்தான்;
பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தான்.

கொள்ளுப்பிட்டிவரைக்கும் நின்றேன்.
பொய் நாக்கு நுனியில் இருந்தது.
சொல்ல வயிறு இல்லை.