அழைத்துச் சென்றால்

எங்கள் தாலுகாவில் நான் அதிகம் படித்திருக்கும் எழுத்தாளர்
ரைட்டர் தீர்த்தகிரி.
அவர் எழுதிய நாற்பத்தோரு வாக்குமூலங்கள் என் பீரோவில்.
எதிலும் அவர் பெயர் கிடையாது.
ஒன்றில் பேசுகிறவன் புளி வியாபாரி,
ஒன்றில் கல்குவாரி டிரைவர்,
இன்னொன்றில் ஓசூரில் வெல்டிங் பழகும் பையன்.
கடைசி வரிக்கு வரும்போது எல்லோருக்கும் ஒரே குரல்:
"என்னை அழைத்துச் சென்றால்
மறைத்து வைத்த இடத்தை அடையாளம் காட்டி
எடுத்து ஆஜர்படுத்துகிறேன்."

வீட்டில் ஸ்கூட்டர் சாவி காணாமல் போனால்
என் மகள் இதைச் சொல்லித்தான் சிரிப்பாள்.

போலீசிடம் சொன்னது செல்லாது என்கிறது சட்டம்.
பொருள் கிடைத்தால்
அந்தக் கடைசி வரி மட்டும் செல்லும்.
அதனால்தான் அதை அவ்வளவு அழகாக எழுதுகிறார்.

சிக்கமாதையா, அஞ்செட்டிக்கு மேலே மலைக்காரர்.
அவருக்குத் தெரிந்த தமிழ் நான்கு சொல்:
காசு, பஸ், சார், சரி.
அவர் கொடுத்த வாக்குமூலம் மூன்று பக்கம்.
மேற்படி, நாளது தேதி, செலவுக்குப் பணமில்லாத காரணத்தால்.
போர்வெல் மோட்டார் கேபிள், பதினெட்டு மீட்டர்.
ஒரு சந்திப்பிழை இல்லை.
நான் எழுதினால் நாலாவது வரும்.
அடியில் கட்டைவிரல் ரேகை,
மை கூடிப்போய் வெறும் கருப்பு.

பிடித்தது ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறும்போது.
காகிதத்தில் புதன் விடியல் நாலரை,
போலீசாரைக் கண்டதும் ஓட முயன்றவரை
துரத்திப் பிடித்ததாக.
இடது முட்டி மடங்காத மனுஷன்.
இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் என்று
அரசியல் சாசனத்தில் இருக்கிறது, இருபத்திரண்டாம் கூறு.
ஞாயிறு, திங்கள், செவ்வாய்
அந்த வாரம் பிறக்கவே இல்லை.

எந்த மொழியில் விசாரித்தீர்கள்?
தமிழில், என்றார் இன்ஸ்பெக்டர்.
பதில் எந்த மொழியில்?
தமிழில்.
மகஜர் சாட்சி தலையாரி வந்தார்,
பதினோராவது வழக்கிலும்
தற்செயலாக அவ்வழியே போனவர்.
அவர் வீட்டுக்கு ஸ்டேஷனைச் சுற்றாமல் வழியே இல்லை போலும்.

பிறகு குற்றவாளிக் கூண்டின் முறை.
சாட்சிகள் சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?
மொழிபெயர்ப்பாளர் மூன்று வாய்தாவாக வரவில்லை.
என்னிடம் இருப்பது பஸ் ஸ்டாண்டு கன்னடம்.
"நான் சொல்கிறேன், அம்மா" என்று எழுந்தேன்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு
ஆறு நிமிடம் பேசினார் சிக்கமாதையா.
மழை. சினை மாடு. யாரும் கட்டாத பஸ் டிக்கெட்.
ஒரு காலைத் தூக்கி உள்ளங்காலைக் காட்டினார்.
பெஞ்ச் கிளார்க் "காலை இறக்கு" என்றார்.
கடைசியாகக் கை நீட்டினார்,
சாட்சிகள் வரிசையில் இருந்த தீர்த்தகிரியைப் பார்த்து:
"நீரு கொட்டவரு அவரே."
தண்ணீர் கொடுத்தது அவர்தான்,
நடு ராத்திரி, மற்றவர்கள் தூங்கின பிறகு,
சொந்த பாட்டிலில்.

தீர்த்தகிரி தன் தொப்பிக்குள் எதையோ தேடினார்.

மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார்.
அன்றைக்குப் பட்டியலில் அறுபத்தேழு வழக்கு.
"பொய் வழக்கு என்கிறார், அம்மா."
டைப்பிஸ்ட் இரண்டு சொல் அடித்தார்.
என் கட்சிக்காரர்கள் நாற்பத்தோரு பேரும்
அதே இரண்டு சொல்தான் பேசியிருக்கிறார்கள்.
பெரும்பாலும் ஜெயித்திருக்கிறார்கள்.

இவரும் ஜெயித்தார்.
சந்தேகத்தின் பலன், பதினாறு பக்கம்.
அவர் மனைவி ஜவரம்மா ஃபீஸ் பாக்கிக்கு
அரை மூட்டை கேழ்வரகு இறக்கினாள்.
நீ எடுத்தாயா என்று நான் அவரைக் கேட்டதே இல்லை.
கேட்காதது என் தொழில்.

பஸ் புறப்படும்போது ஜன்னலில் தலை நீட்டினார்.
அந்தத் தண்ணீர் விஷயம், எழுதிக்கொண்டார்களா?

தலையாட்டினேன்.

"சரி சார்."