காக்கி புக்கிட், நாலாம் மாடி

சின்ன லாரி
பட்டறைக்குத் தானே ஏறி வந்தது,
முதல் கியரில், மூச்சிரைக்க.

கழிவுக்குப் போன டிப்பரின்
ஆறு சிலிண்டர் டீசல், அறுநூறு கிலோ,
சங்கிலியில் தொங்கியபடி
மெல்லச் சுற்றி எங்களைப் பார்த்தது.

"கேன் லா" என்றார் கோ பெங் ஹொக்.
டேப் என் கையில்.
மூன்று விரற்கடை இடிக்கிறது,
நான் சொல்லவில்லை.

ரேடியேட்டரை முன்னே தள்ளி,
குறுக்குச் சட்டத்தை அறுத்து,
சஃபியுல்லா இரண்டு முறை வெல்டிங் வைத்து
இரண்டு முறையும் திட்டு வாங்கி,
உட்கார வைத்தோம்.
முன் பட்டைகள் முனகித் தாழ்ந்தன
கடன் கேட்க வந்தவனின் முதுகாக.

பதினொன்றே காலுக்குச் சாவி.
ஒரு இருமல்.
கறுப்பாய் இன்னொன்று.
பிறகு தரையே உறுமியது.
கொக்கியில் மாட்டிய கோப்பிப் பைக்குள்
வட்டம் வட்டமாய் நடுக்கம்.
கீழ்மாடிக் கண்ணாடிக்காரர்
செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

சோதனை நிலையத்தில் இதை விடமாட்டார்கள்.
பெங் ஹொக்குக்கும் தெரியும்.
எட்டு வருஷம் சிமெண்டு ஏற்றி
மேம்பாலங்களில் அவர் ஊர்ந்தபோது
பின்னாலிருந்து ஹாரன் அடித்த
ஒவ்வொரு வண்டியின் நிறமும் தெரியும்.

"நாளைக்குக் கழற்றிடு" என்றார்,
ஆக்சிலரேட்டரிலிருந்து
காலை எடுக்காமல்.