மிச்சம் நான்கு

மில்துராவில் ஜூலை. நேவல் ஆரஞ்சுக் காலம்.
இணையக் கட்டணம் எழுபது டாலர்,
வெள்ளிக்குள் கட்டாவிட்டால் அறுத்துவிடுவார்கள்.
காலி மைலோ டின்னைச் சமையல் மேசையில் வைத்தேன்.
இயன்றதைப் போடலாம்.
போட்டதை உடைத்துத் திருப்பி எடுப்பதில்லை,
இந்த வீட்டின் ஒரே சட்டம்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யோகச்சந்திரன் முப்பத்தைந்து.
நான் பதினான்கு.
தயாநிதி பத்து, கசங்கிய தாள்.
மரியதேவன் ஏழு. சுதர்சினி ஐந்து.
மூன்று கிழமையாய் வேலையில்லாத ரவீந்திரன்
ஒரேயொரு இரண்டு டாலர் நாணயம்.
அது ஒரு டாலரைவிடச் சின்னது.
இந்த நாட்டில் பெறுமதி வேறு, பருமன் வேறு.
சுதர்சினியின் மகன் அகரன்
பல் விழுந்ததற்குக் கிடைத்த ஒன்றை
டின்னில் காது வைத்துப் போட்டான்.

எழுபத்து நான்கு.

எண்ணிவிட்டுத்தான் கவனித்தேன்:
எழுபதை மீதியின்றி வகுக்கும் அத்தனையும்
டின்னுக்குள் வந்திருந்தன,
எழுபதைத் தவிர.
முடிக்காமல் விட்ட கணிதப் பட்டத்தில்
எனக்கு மிஞ்சியது இந்தக் கண் மட்டும்.

நான்கு கூட. யாரையாவது விட்டுவிடலாமே?
அகரனையும் ரவீந்திரனையும் விட்டேன்:
எழுபத்தொன்றில் நின்றது.
சுதர்சினியை விட்டேன்: அறுபத்தொன்பது.
மற்றவர்களைத் தொட்டால் பெரும் பள்ளம்.

பன்னிரண்டாய் இருந்தால் பாடில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு:
அதற்கும் நான்குதான் மிச்சம்,
ஆனால் அங்கே நான்கு என்றே ஒருவன் இருக்கிறான்,
போ என்றால் போய்விடுவான்.
இருபதில் இரண்டு எழுந்து போகும்.
எழுபதுக்குக் கீழே மிஞ்சிய எண் ஒவ்வொன்றும்
யாரையோ வெளியே அனுப்பித்தான் தேறுகிறது.
முதல்முதலாக மாட்டேன் என்றது எழுபது.
விசித்திர எண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் கொட்டகையில்
கை பெட்டியை நிரப்ப, மனம் கோபுரம் கட்டியது.
உச்சியில் ஒரு பழம், கீழே நான்கு, அதன்கீழ் ஒன்பது,
இருபத்து நான்கு தட்டு.
அடித்தட்டில் மட்டும் ஐந்நூற்று எழுபத்தாறு.
சரித்துத் தரையில் பரப்பினால்
எழுபதுக்கு எழுபது. சதுரம்.
மூலையில் ஒன்று குறையாது, கையில் ஒன்று மிஞ்சாது.
தனிப்பழத்தை விட்டால்
வேறெந்த உயரமும் இப்படிப் படிந்து படுக்காது.
நாலு டாலருக்கு முரண்டு பிடித்த எண்
நாலாயிரத்துத் தொள்ளாயிரம் பழத்தைப்
பேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

கண்காணி விசிலடித்தான். பெல்ட்டில் பழம் தேங்கிவிட்டது.

தபால் கந்தோரில் எல்லாவற்றையும் நீட்டினேன்.
புத்தம் புதிதாய் நான்கு ஒரு டாலர் தந்தாள்.
யாருடையதும் இல்லை அவை.
டின்னில் கிடக்கின்றன.

"என்ர ரெண்டு இல்லாட்டியும் காணும் அக்கா" என்றான் ரவீந்திரன்.
தாளைக் கொடுத்தேன்.
கூட்டினான், கழித்தான், மறுபடி கூட்டினான்.
பிறகு தங்கைக்கு வீடியோ எடுத்து
நெடுநேரம் கதைத்தான்.

இதே குணமுள்ள அடுத்த எண்
எண்ணூற்று முப்பத்தாறு.
எங்கள் இரண்டு கிழமை வாடகை எண்ணூற்றிருபது.
ஓகஸ்டில் கொஞ்சம் கூட்டுவாராம் வீட்டுக்காரர்.