மருந்துச் சீட்டு

நாள் முழுக்கச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பவள் நான்.
மெஜஸ்டிக்கிலிருந்து கே.ஆர்.புரம்,
கே.ஆர்.புரத்திலிருந்து மெஜஸ்டிக்.
என் கையில் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்தது
ஹெப்பாள் கால்நடை ஆஸ்பத்திரியில்தான்.

பெயர்: சில்லறை.
பூனை, பெண்.
வயது கேட்டார் டாக்டர் ஷுபா.
டெப்போ மாற்றிய வருஷம்
என் தோல்பைக்குள் ஏறிப் படுத்த குட்டி,
பன்னிரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

அவள் கத்தவில்லை.
அதில்தான் ஏமாந்தேன்.
என் வண்டியில் கால் மிதிபட்டால்
நான்கு மொழியில் கத்துவார்கள்.
வலி என்றால் சத்தம் என்று பழகிய காது இது.
இவள் பிரிட்ஜ் மேல் ஏறுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.
பிறகு முதுகை நக்குவதை.
ரோமம் திரிதிரியாகச் சிக்குப் பிடித்தது.
வயசாச்சு, திமிர் அடங்கியிருக்கு என்று
பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தேன்.

எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.
இடுப்புக் குழியில்
யாரோ சுண்ணாம்பு அப்பிவிட்டுப் போன மாதிரி.

ஒன்றை மட்டும் குரல் தாழ்த்திச் சொன்னேன்.
போன ஞாயிறு,
என் முட்டிக்குப் போடும் பாராசிட்டமாலில்
பாதியை உடைத்து
மத்தி மீனில் பிசைந்து வைத்தேன்.
மோந்தாள்.
முன்னங்காலால் தரையைப் பிறாண்டி
இல்லாத மண்ணை அள்ளி மூடுவதுபோல் மூடிவிட்டுப் போனாள்.
எவ்வளவு கொழுப்பு உனக்கு என்று
அன்றைக்கெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பேனாவை மூடினார்.
"பூனைக்குப் பாதியே போதும்மா."
எதற்குப் போதும் என்பது
ஹெண்ணூர் சிக்னலில் ஆட்டோ நின்றபோதுதான் உறைத்தது.
கூடையின் மூடியைத் திறந்து பார்த்தேன்.
முறைத்தாள்.
முறைப்பதற்கு இருந்தாள்.

பிரேசர் டவுன் மருந்துக் கடையில் ரிஸ்வான்
பேஷன்ட் யார் என்றான்.
கூடை என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினான்:
சில்லறை, கேர் ஆஃப் மரகதவல்லி.

தேன் நிறத்தில் ஒரு குப்பி,
ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சு.
மூன்று கிலோ நானூறுக்கு எந்தக் கோடோ
அந்தக் கோடு வரைக்கும்.
சாப்பிட்ட பிறகு.
சாப்பிடவில்லையென்றால் கொடுக்காதே, போன் செய்.
பாவமாக இருக்கிறது என்று ஒரு கோடு ஏற்றாதே.
மாதம் பொறுத்து ரத்தம் பார்க்க வேண்டும்.
இந்தக் கணக்கு எனக்குப் புரியும்.
ஒரு ரூபாய் குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
ஒரு சொட்டு கூடினால்
இவள் சிறுநீரகத்தில் பிடிப்பார்கள்.

இரண்டாம் ஷிப்டு நாட்களில்
மாடிவீட்டு இபெம்மா வந்து கொடுக்கிறாள்.
அவள் இம்பாலிலிருந்து நர்சிங் படிக்க வந்தவள்,
எங்கள் இருவருக்கும் பொதுமொழி உடைந்த இந்தி.
அவள் கொடுத்தது தெரியாமல்
நானும் கொடுத்துவிடுவேனோ என்று ஒரு பயம்.
மெஷின் வந்த பின் வேலையிழந்த என் பழைய பஞ்சைத்
தேடி எடுத்து ஆணியில் மாட்டினேன்.
மளிகைக்கடைக் காலண்டரில்
கொடுத்த தேதிக்கு ஒரு ஓட்டை.
ஓட்டை விழுந்த நாளுக்கு மறுபடி மருந்து கிடையாது,
சிணுங்கினாலும்.

நாலாம் நாள் சிரிஞ்சைக் கண்டதும்
கட்டிலடியில் போய் ஒளிந்தாள்.
என்னைக் கண்டு ஒளிகிற உயிர்
செக்கிங் அன்று சீட்டில்லாதவன் மட்டும்தான் இதுவரை.
துண்டில் சுற்றி மடியில் அமர்த்தி
கன்னத்து ஓரமாய் மெதுவாகச் செலுத்தினேன்.
என் முட்டி கத்தியது.
அது கத்தும், அதற்கு வெட்கமில்லை.

பதினேழு ஓட்டைகள்.
நேற்று ராத்திரி பதினொன்றேகாலுக்கு
கதவைத் திறந்தால்
கேஸ் சிலிண்டர் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
முதுகு ரோமத்தில் நக்கிய ஈரம்.
பிரிட்ஜை அண்ணாந்து பார்க்கிறாள்,
படியில் ஒரு கால் வைத்துவிட்டு
இந்த வண்டிதானா என்று யோசிக்கிற கிழவி மாதிரி.

பை தோளில் கனத்தது.
விளக்கைக்கூடப் போடவில்லை.
விசில் கொடுக்காமல்
நின்றுகொண்டிருந்தேன்.