கழுவக்கூடிய சுவர்

எக்ளின்ரன் மேற்கில்
ரயில் வரும் வருமென்று வருடக்கணக்காய்த் தோண்டிய தெருவில்
இரும்பு வேலிக்குப் பின்னால் இருக்கிறது
மிஸ் யூலினின் கடை.
ஏழு கதிரை. ஒன்றுக்குக் கால் ஆட்டம்.

நான் சாப்பிடப் போகவில்லை.
கழுத்தில் அடையாள அட்டை, கையில் வெப்பமானி,
நகரசபை தந்த கறுப்புச் சப்பாத்து.
ஆட்டுக்கறி அறுபது பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது.
ஊசியைக் குத்தினேன்: எழுபத்து நான்கு.
மாட்டுவால்: எழுபத்தொன்று.
ஆவி வந்து மூக்குக்கண்ணாடியை மூட
ஒரு நிமிடம் சட்டம் ஒன்றும் தெரியவில்லை.

குசினியில் மாவைத் தட்டிக்கொண்டு நின்றவரிடம்
சான்றிதழைக் கேட்டேன்.
ஹார்வி மூன்சாமி என்றிருந்தது.
எந்தக் கப்பலிலோ முனிசாமியாய் ஏறி
நிலாவைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிய பெயர்.
அவரிடம் சொல்லவில்லை.
வேலை நேரம். தவிர, எண்ணெய் காய்ந்திருந்தது.

"ஒரு பெட்டி கட்டித் தரவா?" மிஸ் யூலின் கேட்டாள்.
வாங்கக்கூடாது என்றேன்.
"மணக்கலாமா?"
அதற்கு விதி இல்லை.

கைகழுவும் தொட்டி சரி. எலி இல்லை.
பிழை சுவரில் இருந்தது.

கல்லாவுக்குப் பின்னால் கூரைவரை
பற்றுச்சீட்டுத் துண்டுகள், ஒட்டியும் குத்தியும்,
எண்ணெய் குடித்து மஞ்சளாகி.
தீவுக்குப் போகிறவர்களுக்கு
போய்வந்தவர்கள் எழுதியவை:

ரொபேகோ. படகுத்துறைக்குப் பின்னால். பலகை கிடையாது.
மீன் முடிந்தால் மனுசனையும் காணமாட்டாய். பத்துக்கு முன் போ.

கிரனடா. பச்சைக் கதவு. வெள்ளி மட்டும்.
ஒயில் டவுன் கேள். நாயைக் கண்டு ஓடாதே,
பந்தி விசாரிக்கிறது அதுதான்.

பார்படோஸ். செர்லின் பொரிக்கிற பறவைமீன்.
என் பெயரைச் சொல்லாதே, கடன் இருக்கு.

டொமினிக்கா. ஆற்றங்கரையில் ஒருத்தி
என்று தொடங்கிய துண்டின் கீழே, வேறு மையில்:
கடை இல்லை. புயல் கொண்டுபோய்விட்டது.
அதற்கும் கீழே பென்சிலால்:
இருக்கு. தகரம் போட்டுத் திறந்துவிட்டாள்.
பொரித்த ரொட்டி முன்னையைவிடப் பெரிசு.

பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன் ஒருவன்
தொப்பியைக் கழற்றாமல் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தான்.
நாளைக் காலை விமானமாம்.
அவனுக்குப் பின்னால் நின்று நானும் வாசித்தேன்,
கடைக்கு ஒதுக்கிய நேரம் முடிந்த பிறகும்.

பிறகு எழுதினேன்:
உணவு தயாரிக்கும் இடத்தில் சுவர்கள்
வழுவழுப்பாகவும் கழுவக்கூடியனவாகவும் இருத்தல் வேண்டும்.
தவணை இரண்டு வாரம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு "சரி, டார்லிங்" என்றாள்.
அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு மிளகாய் அடங்குமென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போனால்
சுவர் அப்படியே. மேலே அக்ரிலிக் தகடு,
பதினாறு திருகாணி.
துடைத்துப் பார்த்தேன். துணி வெள்ளை.
பச்சை அட்டையை வாசலில் ஒட்டினேன்.

மாசியில் ஒரு சனிக்கிழமை,
அடையாள அட்டை இல்லை, சப்பாத்தும் வேறு,
இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி
யாரோ போல நடந்துபோனேன்.
டபுள்ஸ் இரண்டு.
கடலை, புளி, வெள்ளரிக்காய், எங்கேயோ பதுங்கியிருந்த காரம்.
சாறு மணிக்கட்டுத் தாண்டி வழிந்தது.
கைகழுவும் தொட்டி எங்கேயென்று
எனக்கா தெரியாது.

தகட்டின் மேல்விளிம்பில் ஒரு விரல் இடைவெளி.
அதால் போடுகிற புதுத் துண்டுகள்
சறுக்கி அடியில் சேர்கின்றன.
முகம் வெளியே தெரிய விழுந்திருந்தது ஒன்று:

ரொறன்ரோ. இந்தக் கடைதான். ஆட்டு ரொட்டி.
செவ்வாய் போகாதே. ஒரு பொம்பிளை வந்து
கறிக்குக் காய்ச்சல் பார்ப்பாள்.
சாப்பிடமாட்டாள்.

கீழே பதில் எழுதலாமென்றால்
நடுவில் நான் போடச்சொன்ன தகடு.

பற்றுச்சீட்டு வேணுமா என்கிறாள்
கல்லாவில் நிற்கிற பிள்ளை.
வேணும்.
பேனையும்.